ஆம்புலன்ஸை ஒட்டிப்போன வழக்கு பற்றி அத்தானுக்கு

காப்பெல், டெக்சாஸ்
11 பிப்ரவரி 2007

கர்த்தருக்குள் என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு, பிலிப் எழுதுவது.

இங்கே நானும் ஜோசபினும் ரெனிஷாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே தங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். போன வாரம் அக்கா போன் பண்ணி அழுதாள். நான் அமெரிக்காவில் ஆம்புலன்ஸை இடித்துத் தள்ளிவிட்டு ஜெயிலில் இருப்பதாகப் பாளையங்கோட்டையில் யாரோ ஜெபக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறார்களாம். எனக்காக அரைமணி நேரம் ஜெபமும் நடந்திருக்கிறது. ஜெபம் வீண்போகாது. ஆனால் நான் ஜெயிலில் இல்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தாங்கள் முப்பத்திரண்டு வருடம் போக்குவரத்துப் போலீசில் வேலை பார்த்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டுகிறவன் சொல்லும் பொய் எது, மெய் எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். என் முகத்தை அனுப்ப முடியாததால் கையெழுத்தை அனுப்புகிறேன். படித்துவிட்டு அக்காவுக்கு எது தேவையோ அதை மட்டும் சொல்லுங்கள். இங்கே எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். அக்கா தங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

இந்த ஊரில் ரோட்டோரம் ஆம்புலன்சோ போலீஸ் காரோ விளக்கைச் சுழலவிட்டு நின்றால் நாம் அதை ஒட்டிப் போகக் கூடாது. ஒரு லேன் விலகிப் போக வேண்டும். விலக முடியாவிட்டால் இருபது மைல் வேகம் குறைக்க வேண்டும். இதற்கென்று டெக்சாஸில் மூன்று வருடத்துக்கு முன்னால் சட்டமே போட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. லைசென்ஸ் பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவன் நான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். ஃப்ரீவேயில் எங்கள் பக்கம் இரண்டே லேன், நான் வலது லேனில் அறுபதில் போகிறேன். ரெனிஷா பின் சீட்டில் ஜூஸைக் கொட்டிவிட்டாள். ஜோசபின் பின்பக்கமாகத் திரும்பி அதைத் துடைத்துக்கொண்டே அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் வலது ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் தெரிந்தன. ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் போலீஸ் கார். நான் உடனே இடது பக்க இண்டிகேட்டர் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், இடது லேன் காலி. கண்ணாடியை மட்டும் நம்பாதே, தலையைத் திருப்பியும் பார் என்று இங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தேன்.

என் ஜன்னலுக்கு நேராக ஒரு கார் வந்துகொண்டிருந்தது, அத்தான். வெளிர் பச்சை நிறத்தில் நீளமான பழைய காலத்துக் கார். வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாள் தனியாக ஓட்டுகிறாள். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருக்கிறது. அறுபது மைல் காற்றில் அவள் முடி ஒன்றுகூட அசையவில்லை. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் வேகம் குறைத்தேன், அவளும் குறைத்தாள். கொஞ்சம் முந்தினேன், அவளும் கூடவே வந்தாள். அப்புறம் மணி என்ன என்று கேட்டாள்.

என் ஜன்னல் மூடியிருந்தது. ஏசி ஓடுகிறது, ஜோசபின் திட்டுகிறாள். ஆனாலும் என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இடது கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு நாற்பத்திரண்டு என்று சொல்லி, அவளுக்கும் தெரியட்டும் என்று மணிக்கட்டை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். "அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குள் வலது பக்கம் ஏதோ நிழல் மாதிரி கடந்தது. ஜோசபின் வீறிட்டாள். பின்னால் சைரன் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இடது லேனில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

போலீஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார். இளைஞர், முகம் வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய ஊழியர் ஒருவரை நான் நாலு விரல் இடைவெளியில் கடந்து போனதாகவும், காற்று வேகத்தில் அவர் தடுமாறி வண்டிக்குள்ளேயே போய் விழுந்ததாகவும் சொன்னார்.

"ஏன் விலகிப் போகல, சார்?"

"பக்கத்துல கார் வந்துச்சு, ஆபீசர். அந்த அம்மா மணி கேட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஜோசபினைப் பார்த்தார். பிறகு என் வாயை முகர்ந்து பார்க்கிற தூரத்துக்கு வந்தார். ஆராதனையிலிருந்து வருகிறவன் வாயில் என்ன இருக்கும், ஏலக்காய் வாசனைதான் இருந்திருக்கும். "இடது லேன்ல எந்த வண்டியும் இல்ல" என்று சொல்லிவிட்டு அபராத டிக்கெட்டை எழுதிக் கொடுத்தார். அதில் குற்றம் நடந்த நேரம் பன்னிரண்டு நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். கராஜில் வண்டியை நிறுத்தியதும், "ஒரு ஆள கொன்னிருப்பீங்க" என்றாள் ஜோசபின். நான் ரெனிஷாவைக் கேட்டேன்.

"நம்ம பக்கத்துல ஒரு கார் வந்துச்சே, பாத்தியாமா?"

"நோ கார், டாட்" என்றாள் அவள். ஒன்பது வயதுப் பிள்ளை, பொய் சொல்லாது. ஜோசபின் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னை ஆபீசில் கொண்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போனாள். நான் ஓட்டும் காரில் ரெனிஷாவை ஏற்றவே மாட்டேன் என்றாள். நானும் சாவியைக் கேட்கவில்லை. எனக்கே என்னோடு காரில் ஏறப் பயமாக இருந்தது.

மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. கண் பார்த்தார்கள், பழைய பவரே போதும் என்றார்கள். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, காருக்கும் தனியாக ஒரு தடவை ஜெபித்துவிட்டுப் போனார். என் ஆபீசில் நஞ்சுண்டன் என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரில் யாருக்கு டிக்கெட் வந்தாலும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். அவர் சொன்னார்: "ஃபைனைக் கட்டிட்டு வாயை மூடிக்கோங்க பிலிப். கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கீங்க. கோர்ட்டுல போய் பேய் மணி கேட்டுச்சுன்னு சொன்னீங்கன்னா அப்புறம் உங்களுக்கு வேற கார்டுதான் தருவாங்க."

அவர் சொன்னதுதான் புத்திசாலித்தனம். ஆனால் என்னால் முடியவில்லை, அத்தான். அபராதம் கட்டிக் கையெழுத்துப் போட்டால், இடது லேனில் யாரும் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். யாரும் இல்லை என்றால் நான் யாரிடம் பேசினேன்? ஒன்றுமில்லாத ஒன்றுக்கு மணி சொல்லிக்கொண்டே ஒரு மனுஷனைச் சாகடிக்கப் பார்த்தேன் என்றால், அப்படிப்பட்டவன் இந்த வீட்டில் இருக்கலாமா? அதை ஒரு நீதிபதி வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்து வழக்காடினேன். வக்கீல் வைக்கவில்லை. எந்த வக்கீலிடம் இதைச் சொல்வது?

ஜனவரி கடைசியில் ஒரு புதன்கிழமை காலை விசாரணை. ஜோசபின் லீவு போட்டுவிட்டு வந்தாள். கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு போட்டிருக்கிறது. நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் பட்டை, முன்னால் பிடித்து நடப்பதற்கான இரும்புச் சட்டம், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மணி என்ன ஆகுது?" என்று அவள் கேட்டாள்.

என் கை தானாக மேலே போய்விட்டது, அத்தான். வாய் திறக்கும் முன்னால் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிவிட்டேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தாள். அவள் விரல்கள் அவ்வளவு சில்லென்று இருந்தன.

"நீங்கதானா" என்றாள். "பன்னெண்டு நாப்பத்திரெண்டு."

ஜோசபின் அந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், பாட்டிலை மூடாமலே நின்றுவிட்டாள். அந்த அம்மாளின் பெயர் வெர்னா. அன்று மத்தியானம் ஓட்டிக்கொண்டே கண்ணசந்து, கார் பள்ளத்தில் தலைகீழாக விழுந்து, ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டது அவள்தான். வேகத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்று அவளுக்கும் ஒரு டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே. அதை எதிர்த்து வழக்காடத்தான் வந்திருந்தாள். அன்று என்ன நடந்தது என்று ஊர்க்கதை சொல்வது மாதிரி சொன்னாள். ரோட்டில் யாருமே இல்லையாம். போய்க்கொண்டே இருந்தாளாம், மனசுக்கு ரொம்ப இதமாக இருந்ததாம். எங்கே போகிறோம் என்று தெரியாவிட்டாலும் அவசரமாகப் போக வேண்டுமா, மெதுவாகப் போகலாமா என்று மட்டும் ஒரு சந்தேகம் வந்ததாம். அப்போது பக்கத்தில் என் கார் தெரிந்திருக்கிறது.

"நீங்க மணி சொன்னதும், இன்னும் நேரம் இருக்கேன்னு திரும்பிட்டேன்" என்றாள்.

நான் கேட்டேன்: "உங்க கார் வெளிர் பச்சைதானே?"

"என்னோடது வெள்ளி நிறம். பள்ளத்துல கிடந்தது அதுதான்." கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டாள். "பச்சைக் கார் எங்க அப்பாவோடது. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அதை வித்துட்டாங்க."

பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க, அன்னிக்கு நீங்க பேசுனது இப்ப பேசுற இங்கிலீஷைவிட நல்லாப் புரிஞ்சுது. எங்க அம்மா பேசுற மாதிரி இருந்துச்சு" என்றாள். அத்தான், அன்று அவள் என்னிடம் எந்த மொழியில் கேட்டாள் என்று ஜோசபின் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். எனக்கு இதுவரை ஞாபகம் வரவில்லை. நான் எந்த மொழியில் பதில் சொன்னேன் என்பதும் தெரியவில்லை. காரில் கூட இருந்த ஜோசபினுக்கு நான் வாய் திறந்ததே தெரியாது.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். போலீஸ்காரர் நடந்ததைச் சொன்னார். அவருடைய காரில் பொருத்தியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, அதை டிவியில் போட்டார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு தெரிகிறது. கதவைத் திறந்து ஊழியர் இறங்குகிறார். ரோட்டுப் பக்கமாக இரண்டடி வந்து, கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கித் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். அதே நொடியில் என் கார் நுழைகிறது. இடது இண்டிகேட்டர் மினுங்குகிறது. பின்கண்ணாடி வழியாக என் இடது கை உயர்ந்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவது தெரிகிறது. இடது லேன் காலி. நீதிபதி மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். மூன்று தடவையும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மணிக்கட்டைக் காட்டினோம்.

"யாருக்குக் கை காட்டுறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள், "எனக்கு" என்று பின்னாலிருந்து வெர்னா அம்மாள் எழுந்தாள்.

அவளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, இடது லேனில் என்றாள். போலீஸ்காரர் எழுந்து, "யுவர் ஆனர், அந்த நேரத்துல இவங்க ஆம்புலன்ஸுக்குள்ள இருந்தாங்க. ஸ்ட்ரெச்சரை நானே பிடிச்சேன்" என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் இதை அடிப்பதா வேண்டாமா என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அப்புறம் அந்த ஆம்புலன்ஸ் ஊழியர் சாட்சி சொன்னார். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர். என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெதுவாகப் பேசினார். "இருபது நிமிஷம் நெஞ்சை அமுக்கிப் பாத்தோம். துடிப்பு வரல. போதும், இறந்த நேரத்தைக் குறிச்சுக்கோங்கன்னு டாக்டர் ரேடியோல சொல்லிட்டாரு. அவங்கள தூக்கும்போது என் கடிகாரம் உடைஞ்சு போச்சு. ஆபீசர்கிட்ட மணி கேக்கத்தான் கீழே இறங்கினேன். இந்த கார் உரசுற மாதிரி போச்சு. பயந்து பின்னால பாஞ்சு உள்ளேயே விழுந்துட்டேன். கையை ஊனி எழுந்திருக்கப் பாத்தா, அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

நீதிபதி வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "மிஸ்டர் பிலிப், விலகியும் போகல, வேகத்தையும் குறைக்கல. குற்றம் நிரூபணமாயிடுச்சு. பக்கத்து லேன்ல யாராவது மணி கேட்டா விலக்கு உண்டுன்னு சட்டத்துல எழுதல. அபராதத்தைக் கட்டிடுங்க. விலகிப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கறது இந்தக் கோர்ட்டோட அதிகாரத்துக்குள்ள வராது." அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். அடுத்தது வெர்னா அம்மாளுடையது. அவளுக்கும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. இரண்டு பேரும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று அபராதம் கட்டினோம்.

தோற்றுப்போனவன் இவ்வளவு சந்தோஷமாகக் கோர்ட்டை விட்டு வந்ததைத் தங்கள் சர்வீசில் பார்த்திருக்க மாட்டீர்கள். வாசலில் வெர்னா அம்மாள் ஜோசபினின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு நல்ல பொண்ணு. எனக்கு டாட்டா காட்டுனா" என்றாள்.

சாயங்காலம் ரெனிஷா ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் ஜோசபின் அவளை உட்காரவைத்துக் கேட்டாள். "அன்னைக்கு ஃப்ரீவேல யாருக்காவது டாட்டா காட்டுனியா?"

"யா" என்றாள் அவள், கார்ன்ஃப்ளேக்ஸைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டே. "அந்த லேடிக்கு."

"அப்பா கேட்டப்ப யாரும் இல்லன்னு சொன்னியே."

"டாட் கேட்டது காரை. காரெல்லாம் இல்ல, மாம். லேடி மட்டும்தான் கூடவே வந்தாங்க."

ஜோசபின் உள்ளே போய்க் கார் சாவியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு நானும் ஓட்டத் தொடங்கிவிட்டேன். நல்லபடியாக ஓட்டுகிறேன். ஆகையால் அக்கா இனிமேல் அழ வேண்டாம். எனக்குப் பைத்தியமும் இல்லை, ஜெயிலும் இல்லை. ஏப்ரலில் தாங்கள் இருவரும் இங்கே வரும்போது விமான நிலையத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். நடந்ததைக் கேட்ட பிறகு தங்கள் போலீஸ் புத்திக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். என் பேச்சில் எங்காவது பொய் வாடை அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் இன்னும் நிம்மதியாக இருக்கும்.

அக்காவுக்கு என் அன்பு. ஜெபக் கூட்டத்தில் எழுந்து சொன்னவருக்கும் என் வந்தனம். ரெனிஷா தங்கள் இருவருக்கும் முத்தம் தரச் சொன்னாள். கர்த்தர் தங்களைப் போக்கிலும் வரத்திலும் காக்க வேண்டும் என்று வேண்டும்,

தங்கள் மைத்துனன்
பிலிப்

பி.கு. கடிதத்தை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். விமான நிலையத்துக்கு வழி பார்த்து வைக்கலாம் என்று நேற்றுக் காலை ரெனிஷாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, இடது பக்கம் கோட்டு போட்ட ஒருவர் கூடவே வந்து, வெளியே போகிற வழி எது என்று கேட்டார். நான் சரியாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், அந்த அங்கிளைப் பார்த்தாயா என்று ரெனிஷாவைக் கேட்டேன். "எந்த அங்கிள்?" என்றாள். ஆகவே ஏப்ரலில் ஜோசபின்தான் வருவாள். நான் வீட்டில் சமைத்து வைத்திருப்பேன். சமையலுக்காக வீட்டில் நின்றுவிட்டேன் என்று மட்டும் அக்காவிடம் சொல்லிவையுங்கள்.